என் மகளின் பல்லும் அவள் அத்தையும்

கல்லாவியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சாம்பார் வாளியோடு வந்த என் கணவரின் அக்கா, என் மகளின் முன்னால் நின்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் மோவாயைப் பிடித்துப் பக்கத்து இலைக்காரிக்குக் காட்டுவது போலத் திருப்பினார்.

"ஒம்பதாவது போயிட்டா. இந்தப் பல்லோட எவன் கட்டுவான்? ஓசூர்ல இருந்துக்கிட்டு ஒரு கிளிப்பு போட்டு உடத் தெரியல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். மகள் குனிந்துகொண்டாள்.

"அவ படிக்கட்டும் அண்ணி. பல்லப் பாத்து யாரும் மார்க்கு போட மாட்டாங்க" என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். "ஆமா, நீ அப்படித்தான் சொல்லுவ."

எனக்கும் எத்துப்பல்தான். என் கல்யாணத்தில் இதே அண்ணி போட்டோக்காரரிடம், "பொண்ண வாய மூடிக்கச் சொல்லுங்க" என்றது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு எந்தப் போட்டோவிலும் நான் வாயை மூடியதில்லை.

ஊத்தங்கரை வந்து பஸ் மாறும்போதே முடிவு செய்துவிட்டேன். என் மகளுக்குக் கம்பி கிடையாது. கல்யாணச் சந்தைக்காக அவள் வாயில் ஒருவரும் கை வைக்கக் கூடாது.

கணவர் ஷிஃப்ட் முடிந்து வரும் நேரமெல்லாம் வீட்டில் இதே சண்டைதான். "அக்கா சொல்றதுல என்னா தப்பு?" என்பார். "உங்கக்கா என் பொண்ண மாடு மாதிரி பல்லப் பிடிச்சுப் பாத்தாங்களே, அது தப்பு" என்பேன். மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் பக்கம் நின்று சண்டை போடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை, என்னிடம் கேட்காமலே பாகலூர் ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் அவர் நேரம் வாங்கிவிட்டார். நானும் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

டாக்டர் இளவயசுப் பெண். தமிழில் பாதி கன்னடம் கலந்து பேசினார். அவர் கையுறை மாட்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். "அழகுக்குன்னா வேண்டாம் டாக்டர். எனக்கும் இதே பல்லுதான். நான் நல்லாத்தான் இருக்கேன்."

"ஸ்வல்ப இருங்க மேடம்" என்றவர், மகளைக் கடிக்கச் சொன்னார், திறக்கச் சொன்னார். பிறகு சின்னக் கண்ணாடியை உள்ளே வைத்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில், வரிசையாகச் சிவந்த தடங்கள். ஒரு இடத்தில் புண். கடிக்கும்போதெல்லாம் கீழ்ப்பற்கள் அங்கே போய்க் குத்துகின்றன.

"அழகு விடுங்க. இது இப்படியே விட்டா ஈறு கெட்டுப்போகும். மேல் பல்லு ரொம்ப முன்னால இருக்கு, விழுந்தா முதல்ல அதுதான் உடையும். இவளுக்குக் கம்பி வேணும். உங்க வாய் பாக்காம உங்களுக்கு வேணுமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் மகளைப் பார்த்தேன். "வலிக்குதுன்னு ஏன்டி சொல்லல?"

அவள் நாற்காலியில் படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னாள். "சொன்னா, அத்தை பேச்சக் கேட்டு ஆடுறேன்னு நீ கத்துவ."

கணவர் அதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவர் முகத்தில் ஒரு ஜெயிப்பு தெரிந்தது. அவரை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது. என்னை எட்டு.

கம்பி போட்ட மறுநாளே அண்ணி போன் செய்தார். "அப்பவே நான் சொன்னேன்ல."

"நீங்க சொன்னது மாப்பிள்ளைக்கு. இது அவ வாயில இருக்கிற புண்ணுக்கு."

"எதுக்கா இருந்தா என்னா, போட்டாச்சுல்ல."

போனை வைத்துவிட்டேன். அக்காவிடம் இப்படியா பேசுவது என்று கணவர் கேட்டார். இனியும் இப்படித்தான் பேசுவேன் என்றேன். அண்ணியோடு இன்னும் பேச்சு சரியாகவில்லை. சரியாக வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

கம்பியை இறுக்கிவிட்டு வரும் நாட்களில் மகளுக்குக் களிகூட இறங்காது. தண்ணியாகக் கரைத்துக் கூழாகக் கொடுப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பாள். கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பாள். அந்த வார்த்தையை நான் இப்போது நம்புவதில்லை. போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு போய் வாயைத் திறக்கச் சொல்வேன். முறைப்பாள். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுத் திறப்பாள்.