ஈப்புழு அறிந்த சூடு

அந்த ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் எங்கள் சமையலறை மேடைமேல் ஒரு தட்டு நிறைய ஈப்புழுக்கள் நெளிந்தன. விலங்கியல் இரண்டாமாண்டு படிக்கும் என் மகள் அழுகிய வாழைப்பழத்தில் அவற்றை வளர்த்திருந்தாள். நான் தோசை ஊற்றி முடித்து, கல்லைத் தட்டுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தேன். அவள் அடுப்பில் ஓர் ஊசியைக் காய்ச்சினாள்.

"ம்மா, ஜல்தி வா. ஊசி ஆறிடப்போவுது."

"சோறு ஆக்கற எடத்துல இன்னாடி இது? புழுவப் போய் சுட்டுக்கினு. பாவம் இல்ல?"

"கத்திரிக்கா நறுக்கறப்ப எத்தினி புழுவ ரெண்டாக்கற, அதெல்லாம் புண்ணியமா?"

சிரித்துக்கொண்டே குனிந்தேன். ஊசி விலாவில் பட்டதும், அரிசியளவுகூட இல்லாத அந்தப் புழு வில்லாக வளைந்து, பக்கவாட்டில் உருண்டு விலகியது. தோலுக்கடியில் கிளைவிட்ட நரம்பு சூட்டைப் பிடிக்கிறது, வயிற்றுப்பக்கம் ஓடும் நரம்புத்தண்டுக்குச் சேதி போகிறது, அங்கிருந்து தசைகளுக்கு. குளவி முட்டையிடக் குத்தினாலும் இப்படித்தான் உருண்டு உதறிவிடுமாம்.

"யோசிக்கவே வாணாம்மா. பட்டா போதும்."

அப்போது தோல் கருகும் நாற்றம் வந்தது. புழுதான் என்று நினைத்தேன். அவளுடைய இடது உள்ளங்கையின் ஓரம் தோசைக்கல் விளிம்பில் ஊன்றியிருந்தது.

"கைய எடுடி!"

"எந்தக் கை?" என்றாள்.

அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. இழுத்துப் பார்த்தேன். தோல் வெந்து உரிந்திருந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் பயந்தாள்.

அதே கையில் மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் வரை எட்டு மாதமாக ஒரு வெளிறிய படை இருந்தது. தேமல் என்று நானே முடிவு செய்து களிம்பு தடவினேன். வரன் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, விரல் வரை நீளும் கை வைத்து அவளுக்குச் சுடிதார் தைத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் காட்டவில்லை. இத்தனைக்கும் படித்தவள் நான்.

மறுநாள் காலை ரயிலில் விழுப்புரம் போனோம். தோல் டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொன்னார். "பேனா முனை எங்க படுதோ அங்க விரல வச்சிக் காட்டு."

முழங்கைக்குக் கீழே தொட்டபோது சரியாகக் காட்டினாள். பிறகு பேனா அந்தப் படையில் இறங்கியது. ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது முறை அழுத்தமாகவே. மகள் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"ஆரம்பிங்க டாக்டர்," என்றாள்.

டாக்டர் முழங்கை எலும்பின் பின்னால் நரம்பைத் தடவிப் பார்த்தார். தடித்திருந்தது. தொழுநோய் என்றார். மாத்திரையில் குணமாகிவிடும், விரல்களில் பலம் இருக்கிறது, ஆனால் போன உணர்ச்சி திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

"எவ்ளோ நாளா இருக்கு இது?"

மகள் என்னைப் பார்க்காமலே, "இப்பதான் பார்த்தோம்," என்றாள்.

"எட்டு மாசம்ங்க," என்றேன். "நான்தான் மறைச்சி வச்சேன்."