கோட்டை வாசலில் சொன்ன பொய்

பிள்ளைகளே, 1993இல் நானும் என் மகள் செல்வியும் பீர்க்கன்கரணையிலிருந்து சட்டமன்றம் இருக்கும் கோட்டைக்குப் போய்வந்த கதை இது. நான் எட்டாவது வரை படித்த லேத் தொழிலாளி. எழுத்தில் கோபம் தெரிந்தால் மன்னிக்க வேண்டாம், அது உண்மையான கோபம்தான்.

காலை 6.50. ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து ஏறினோம். செல்வியின் கையில் எங்கள் தெருப் பெண்கள் கையெழுத்திட்ட மனு. என் கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு நாப்கின் பாக்கெட், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் வைத்துக்கொள்வது. பத்து உள்ள பாக்கெட் பதினெட்டு ரூபாய், என் அரை நாள் கூலி. குங்குமத்துக்கு விற்பனை வரி இல்லை, இதற்கு உண்டு என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். சட்டமன்றம் அந்த வரியை எடுக்க வேண்டும், ரேஷன் கடையில் இதை மலிவாகத் தர வேண்டும் என்று செல்விதான் மனு எழுதினாள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. பழந்துணியில் கறை கசிந்து வகுப்பே சிரித்த நாளிலிருந்து மாதம் நான்கு நாள் வீட்டில் இருந்துவிடுவாள். வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

7.35. தாம்பரத்தில் மின்சார ரயில், ஆளுக்கு மூன்று ரூபாய். இருக்கைகள் காலி. செல்வி உட்காரவில்லை. அன்று அவளுக்கு இரண்டாம் நாள். பிரித்த பாக்கெட்டையா கொண்டுபோய்க் காட்டுவது என்று துணியோடுதான் வந்திருந்தாள். குரோம்பேட்டையில் ஏறிய பூக்கார அம்மா கேட்டார்.

"இன்னா கண்ணு, சீட்டு காலியா கீது, நின்னுகினு வர்றே?"

செல்வி அவர் காதில் ஏதோ சொன்னாள்.

"அட, அதுக்கா? உக்காரு. எறங்கறப்போ பின்னாடி நான் பாத்து சொல்றேன்."

பல்லாவரம் தாண்டித்தான் உட்கார்ந்தாள்.

9.00. கோட்டை வாசல். காவலர் என் கையைப் பார்த்தார்.

"இன்னாபா பொட்டலத்துல?"

"இட்லி சார்," என்றேன். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை!

"சாப்பாடு உள்ள போவக் கூடாது. இங்கயே வெச்சிட்டுப் போ."

வைத்துவிட்டு நடந்தேன். செல்வி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

10.15. நேரம் கொடுத்திருந்த சட்டமன்ற உறுப்பினர் மனுவைப் படித்தார். இரண்டாவது வரியிலேயே கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது? ரோடு, தண்ணின்னு எதனா கேக்கலாம்ல?"

"தண்ணியும் வேணும் சார். இதுவும் வேணும்," என்றாள் செல்வி.

"சபையில எந்திரிச்சு இத நான் எப்படிம்மா படிக்கறது? சிரிப்பாங்க."

"எங்க கிளாஸ்லயும் சிரிச்சாங்க சார்."

அவர் மனுவின் மீதியையும் படித்தார். பிறகு என்னிடம், "பொருள் இருக்கா? வெல போட்டிருக்குமே, காட்டுங்க," என்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"கேட்டுல கீது சார். எங்கப்பா அத இட்லின்னு சொல்லிட்டாரு," என்றாள் செல்வி. அவளே ஓடினாள். திரும்பி வந்தபோது பின்னாலேயே காவலரும் வந்தார். அவர் கண்ணெதிரே செய்தித்தாளைக் கிழித்துப் பாக்கெட்டை மேசையில் வைத்தாள். உறுப்பினரின் உதவியாளர் பாய்ந்துவந்து ஒரு ஃபைலை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

"யாராவது வந்துடப் போறாங்க சார்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் மேலா என் மேலா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஃபைலைத் தூக்கிக் கீழே வைத்தேன்.

"வெலயப் படிங்க சார். இதுக்கு வரி வாங்கறதுக்கு மட்டும் யாருக்கும் கூசல இல்ல?"

உறுப்பினர் விலையைக் குறித்துக்கொண்டார். மனுவையும் வாங்கிக்கொண்டார்.

"இந்தக் கூட்டத்தொடர் முடியப் போவுது. அடுத்ததுல பாக்கலாம்."

"அது எப்ப சார்?" என்றாள் செல்வி.

"நாலு மாசம் ஆவும்மா."

12.10. திரும்பும் ரயில். கோட்டையில் காலத்தைக் கூட்டத்தொடர் கணக்கில் பேசுகிறார்கள். மின்விசிறி சுற்றும் அறையில் நான்கு மாதம் ஒரு பெரிய விஷயமில்லை. எங்கள் வீட்டுக் காலண்டர் வேறு மாதிரி. சைதாப்பேட்டை தாண்டியபோது செல்வி விரல்விட்டு எண்ணி முடித்தாள்.

"நாலு மாசம்னா எனக்குப் பதினாறு நாள் ஸ்கூல் போவும்பா. பரீட்சை அதுக்குள்ள வந்துடும்."