கடித்தால் கலப்பு, திரும்பினால் சுத்தம்

விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, கெட்டில் ஏரியில், ஒரின் லிண்டால் முப்பத்துநான்கு கோடைகளாக வெளியூர்க்காரர்களை மஸ்கி பிடிக்கக் கூட்டிப்போனார். பிடித்துக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அந்த மீனைப் பிடித்துத் தருவதாக எந்த வழிகாட்டியும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆள் நீளத்துக்கு வளரும் மீன் அது. நாள் முழுக்கத் தூண்டிலை வீசி இழுத்தாலும் கண்ணில் படாது. பட்டாலும் கடிக்காது. பொய்யிரையின் பின்னாலேயே படகு வரைக்கும் வரும், ஒரு முழம் கீழே அசையாமல் நின்று மேலே பார்க்கும், பிறகு கல் முங்குவது போல முங்கிவிடும். வழிகாட்டிகள் இதைப் ‘பின்வரவு’ என்றார்கள். மாலையில் டோரதியின் மதுக்கடையில் கூடும்போது எத்தனை பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பின்வரவு என்றுதான் கேட்பார்கள்.

ஒரின் ஒவ்வொரு பின்வரவையும் நோட்டில் எழுதிவைப்பார். நாள், இடம், தண்ணீரின் சூடு, கண்ணளவில் மீனின் நீளம். கண்ணளவு என்றாலும் ஓர் அங்குலத்துக்கு மேல் தப்பாது என்று போட்டி வழிகாட்டிகளே ஒப்புக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோன மனிதர். மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மீனைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

பக்கத்தில் இருக்கும் பெல் ஏரியில் வேறு கதை. அங்கே பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு மாநில மீன்துறை புலி மஸ்கி விட்டது. பெண் மஸ்கியின் முட்டையோடு, அதற்கு உறவான பைக் என்ற சிறிய மீனின் விந்தைச் சேர்த்துப் பொரிப்பகத்தில் உண்டாக்கும் கலப்பு அது. வெளிர் உடம்பில் கரும்பட்டைகள் மேலிருந்து கீழாக இறங்கும். அதனால்தான் புலி. சீக்கிரம் வளரும், பசி அதிகம், ஆகஸ்ட் மாதத்து உச்சிவெயிலிலும் பாய்ந்து கடிக்கும். முதல் தடவை தூண்டில் பிடிக்கும் பெண்மணிகூட ஒன்றைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாற்பது அங்குலத்தைத் தாண்டுவதே பெரும்பாடு. சுத்த மஸ்கி பதினைந்து இருபது வருடம் எடுத்துக்கொண்டு ஐம்பதைத் தொடும். இன்னொன்று, புலிக்கு வாரிசு கிடையாது. கோவேறு கழுதை போல ஒரு தலைமுறையோடு சரி. தீர்ந்தால் லாரியில் மறுபடி கொண்டுவந்து விட வேண்டும்.

பெல் ஏரிக்கரையில் விடுதி நடத்தியவன் க்ளேட்டன், ஒரினின் மனைவி ஹில்டாவின் தம்பி. வெள்ளிக்கிழமை தோறும் டோரதியின் கடையில் வறுத்த மீனும் பீருமாக உட்கார்ந்து ஒரினைச் சீண்டுவது அவனுக்கு வாராந்தரக் கடமை.

“மச்சான், உன் மீனு கடைக்கு வந்து விலை மட்டும் கேட்டுட்டுப் போற ஆளு. எம்மீனு அப்படியா? உள்ள வந்ததும் பந்தியில உக்காந்துரும்.”

“உக்காரும். புள்ளைகுட்டி இல்லாத மீனு, வேற என்ன வேலை அதுக்கு” என்பார் ஒரின்.

இந்தப் பேச்சிலிருந்துதான் அந்தப் பக்கத்து வழிகாட்டிகளிடம் ஒரு வாய்ப்பாடு பிறந்தது. கடித்தால் கலப்பு, திரும்பினால் சுத்தம். கெட்டில் ஏரித் தண்ணீர் கடுந்தேநீர் நிறம். ஒரு முழத்துக்குக் கீழே உருவம் தெரியும், பட்டையும் புள்ளியும் தெரியாது. ஆகவே உடம்பைப் பார்த்து அல்ல, நடத்தையைப் பார்த்தே இனம் சொன்னார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லி அது சத்தியமாகிவிட்டது. ஒரினும் அதை நம்பினார். சொல்லப்போனால் மற்றவர்களைவிட அதிகமாக நம்பினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநான்காம் வருடம் மீன்துறையின் உயிரியலாளர் லோயிஸ் டெம்ப்கி அவர் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், வலை இழுத்துக் காய்ப்பேறிய கை. சமையலறை மேசையில் காப்பியை வைத்துக்கொண்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். கெட்டில் ஏரியில் கிழட்டு மஸ்கிகள்தான் வலையில் வருகின்றன, குஞ்சே இல்லை. முட்டையிடும் விரிகுடாக்களைக் கரை வீடுகளும் படகுத்துறைகளும் தின்றுவிட்டன. மிஞ்சிய இடத்தில் பைக் மீன் முந்திக்கொண்டு பொரித்து, பின்னால் பொரிக்கும் மஸ்கிக் குஞ்சுகளை விழுங்குகிறது. எண்பத்தேழு இலையுதிர் காலம் வரை பார்ப்பார்கள். அதற்குள் ஏரியிலேயே பிறந்த இளம் மஸ்கி ஒன்று அகப்பட்டால் அந்த இனத்தைக் காப்பாற்றும் பட்டியலில் ஏரி இருக்கும். அகப்படாவிட்டால், மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு ஏதாவது இருக்க வேண்டுமே, புலி விடுவார்கள்.

“ஒண்ணே ஒண்ணு போதுமா?” என்று கேட்டார் ஒரின்.

“ஒண்ணு இருந்தா பத்து இருக்கும், ஒரின். ஒண்ணைக் காட்டுங்க, மீதியை நான் பேசிக்கிறேன்.”

அந்தக் கோடையிலேயே மணல் விரிகுடாவில் ஒரு சின்னப் பின்வரவு வந்தது. ஒரு முழம் இருக்கும். படகு வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பியது. அதற்கு அடுத்தடுத்த வருடங்களின் கோடைகளில் அதே விரிகுடாவில் மேலும் மேலும் வந்தன. பத்தொன்பது அங்குலம், இருபத்துமூன்று, இருபத்தைந்து, இருபத்தெட்டு. எண்பத்தேழு ஆகஸ்ட் முடிவதற்குள் நோட்டில் பதினான்கு சின்னப் பின்வரவுகள் சேர்ந்திருந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை. ஒரினுக்கு அதில் வருத்தமே இல்லை. கடிக்காததுதானே சாட்சி.

லோயிஸ் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணால் கண்டது காகிதத்தில் ஏறாது, கையில் பிடித்த மீன் வேண்டும் என்றாள். அவளுடைய வலையிலும், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் படகிலும் மூன்று வருடமாக இளம் மஸ்கி எதுவும் சிக்கவில்லை. ஒரின் மட்டும் அசரவில்லை. வீட்டில் அவர் பேச்சே அதுவாகிப்போனது. பதினாலு குஞ்சு இருக்கு ஹில்டா, பதினாலு, என்று சோப்பு நுரையோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவளிடம் போய்ச் சொல்வார். அவள் கேட்டுக்கொள்வாள். தன் தம்பியிடம் மட்டும், இந்த விஷயத்தில் அவரைக் கிண்டல் பண்ணாதே என்று சொல்லி வைத்தாள். க்ளேட்டனும் அந்த வருடம் வாயைக் கட்டிக்கொண்டான். அவன் சும்மா இருந்ததே ஒரினுக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

செப்டம்பர் மூன்றாம் வாரம் மில்வாக்கியிலிருந்து மேயர்ஹோஃப் என்ற பல் மருத்துவர் வந்தார். எட்டு வருடமாக வருகிறவர், இதுவரை ஒரே ஒரு மஸ்கி பிடித்தவர். காலை பத்து மணி, மேகமூட்டம், விரிகுடாவில் காற்றில்லை. மருத்துவர் இழுத்துக்கொண்டு வந்த இரையின் பின்னால் ஒரு நிழல் வந்தது. எட்டு போடுங்க என்றார் ஒரின் மெதுவாக. மருத்துவர் கோலின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு வடிவத்தில் சுற்றினார். நிழல் முதல் சுற்றில் கூடவே வளைந்தது. இரண்டாவது சுற்றில் நின்றது. அது திரும்பப்போகிறது என்று ஒரினுக்குத் தெரிந்தது, திரும்பட்டும் என்றுகூட ஒரு கணம் இருந்தது. மூன்றாவது சுற்றில் வாயைத் திறந்தது.

வலையில் எடுத்ததும் மருத்துவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “பட்டையப் பாருங்க, ஒரின். எவ்வளவு அழகு!”

ஒரின் பட்டையைப் பார்க்கவில்லை. சுத்த மஸ்கியிலும் சிலதுக்கு மங்கலான பட்டை உண்டு, அதை வைத்து எதுவும் சொல்லக் கூடாது. வாலைப் பார்த்தார். சுத்த மஸ்கியின் வால் நுனிகள் இரண்டும் கூராக இருக்கும். இது கரண்டி முனைபோல உருண்டிருந்தது. பாறையில் தேய்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். மீனை ஈரக் கையால் புரட்டித் தாடைக்கு அடியில் இருக்கும் துளைகளை எண்ணினார். சுத்த மஸ்கிக்கு ஒரு பக்கத்துக்கு ஆறிலிருந்து ஒன்பது. பைக்குக்கு ஐந்துக்கு மேல் போகாது. இதற்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஐந்து. சுத்த மஸ்கிக்குக் கன்னத்தின் மேல்பாதியில்தான் செதில், இதற்குப் பாதிக்குக் கீழேயும் இறங்கியிருந்தது. மறுபடி எண்ணினார். மீன் நீரில்லாமல் அதிகம் இருக்கக் கூடாது என்பதால் மூன்றாவது முறை எண்ண முடியவில்லை.

முதுகுத் துடுப்பில் ஒரு சிறு வெட்டு இருந்தது. நீளம் முப்பது அங்குலம். மூன்று செதிலை உறையில் எடுத்துக்கொண்டு, மருத்துவர் ஒரு போட்டோ எடுக்கும் வரை பிடித்து நின்று, மீனைத் தண்ணீரில் விட்டார்.

அன்று மதியம் வீட்டுக்குப் போய் நோட்டை விரித்தார். முதல் கோடையில் ஓரிடத்தில், ‘முதுகுத் துடுப்பில் வெட்டு’. இரண்டாவது கோடையில் இரண்டு இடத்தில். அவர் கையெழுத்துதான். எழுதியது நினைவிருந்தது. எழுதியபோது, ஏரியில் பருந்தும் நீர்நாயும் இருக்கின்றன, இரண்டு குஞ்சுக்கு ஒரே மாதிரி வெட்டு விழக் கூடாதா என்று நினைத்ததும் நினைவிருந்தது. பதினான்கு வரியையும் தேதி வாரியாகப் படித்தார். நீளம் ஏறிக்கொண்டே வந்தது, ஒரு வரிகூடக் கீழே இறங்கவில்லை. பதினான்கு குஞ்சு இல்லை. ஒரே குஞ்சு, பதினான்கு தடவை.

செதில் உறையைக் குப்பையில் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. மருத்துவருக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்த நாள் காலை ஒரின் அதை எடுத்துக்கொண்டு முப்பது மைல் ஓட்டி லோயிஸின் அலுவலகத்துக்குப் போனார்.

அவள் செதிலைக் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து அதன் வளையங்களை எண்ணினாள். நான்கு வயது என்றாள். வால், துளை, கன்னம் எல்லாவற்றையும் அவர் வாயால் சொல்லக் கேட்டாள்.

“உங்க ஏரியில நாங்க புலி விட்டதே இல்ல.”

“தெரியும்.”

“பெல் ஏரித் தண்ணி இந்தப் பக்கம் வராது.”

“தெரியும், லோயிஸ்.”

“அப்ப இது இங்கயே பொறந்தது.” அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “போன வசந்தத்துல என் வலையில வந்தாளே ஒரு பெண் மஸ்கி, நாப்பத்தொம்பது அங்குலம், அவ புள்ளையா இருக்கும். அஞ்சு வருசமா ஒரு ஆண் மஸ்கிகூட எனக்கு வரல. முட்டையை வயித்துல வச்சுக்கிட்டு அவ எத்தனை நாள் காத்துட்டிருப்பா? பக்கத்துல பைக் இருந்திருக்கு.”

“ஏரியில பொறந்த குஞ்சு ஒண்ணு காட்டுன்னு சொன்ன. காட்டிட்டேன்” என்றார் ஒரின்.

அவள் இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தாள். அறிக்கைத் தாளில் இனம் என்ற இடம் காலியாக இருந்தது. நான் எழுதட்டுமா என்று கேட்டாள். அவர் தாளைத் தன் பக்கம் திருப்பி, கொட்டை எழுத்தில் ‘கலப்பு’ என்று எழுதினார். கடித்தது ஒரு தடவைதான், பதினான்கு தடவை திரும்பிப் போயிற்று என்பதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

வெள்ளிக்கிழமை டோரதியின் கடைக்கு விஷயம் அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. எத்தனை பின்வரவு என்று அன்று யாரும் கேட்கவில்லை. க்ளேட்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புலி நல்ல மீன்தான் மச்சான், ஆளுங்க உன் படகுக்கு வரிசையில நிப்பாங்க பாரு, என்றான். அவன் சொன்னது உண்மைதான். அவன் மனதார ஆறுதல் சொன்னதும் அதுதான் முதல் தடவை. ஒரின் பீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் புலிக்குஞ்சுகளோடு லாரி வரும் என்று கடிதம் வந்தது.

எண்பத்தெட்டில் பனிக்கட்டி வழக்கத்தைவிடப் பத்து நாள் தாமதமாக உருகியது. முன்னால் முட்டையிட வேண்டிய பைக் மீன்களும் பின்னால் வர வேண்டிய மஸ்கியும் ஒரே வாரத்தில் கரைக்கு வந்தன. மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் ஒரின் தனியே துடுப்புப் படகில் மணல் விரிகுடாவுக்குப் போனார். போவதாக ஹில்டாவிடம் சொல்லவில்லை.

அந்தப் பெரிய பெண் மஸ்கி முழங்கால் ஆழத்தில் இருந்தாள். அந்த ஆழத்தில் தேநீர் நிறம் எதையும் மறைப்பதில்லை. நீண்ட முதுகு தண்ணீர்ப் பரப்பை ஒட்டி மெல்ல நகர்ந்தது. போன வருடத்து நாணல்கள் அவள் விலாவில் உரசி அசைந்தன. அவளில் பாதி நீளம்கூட இல்லாத இரண்டு ஆண் பைக் மீன்கள் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு போயின. சுற்றிலும் வேறு எதுவும் இல்லை. அவர் ஒரு மணி நேரம் பார்த்தார். கூரான வால் வேறு எங்கிருந்தும் வரவில்லை.

பிறகு துடுப்பைத் தூக்கித் தண்ணீரில் ஓங்கி அடித்தார். பைக் மீன்கள் சிதறின, ஒரு வட்டம் அடித்துத் திரும்பி அவள் பக்கத்திலேயே வந்து சேர்ந்தன. மறுபடி அடித்தார். மறுபடி வந்தன. அறுபத்தொரு வயது மனிதர், நின்றால் ஆடும் சின்னப் படகில் எழுந்து நின்று, துடுப்பால் குத்தியும் அடித்தும் அவற்றை விரட்டினார். சேறு கலங்கி மேலே வந்தது. ஐந்தாவதோ ஆறாவதோ அடியில் அவள் வாலை ஒரு முறை வீசிக் கலங்கல் தண்ணீருக்குள் போனாள்.

பைக் மீன்கள் இரண்டும் சற்று நேரத்தில் திரும்பி வந்து நாணல் ஓரத்தில் நின்றன. அவள் வரவில்லை. அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, சட்டை நனைந்தபடி, வெளிச்சம் சரியும் வரை அங்கேயே இருந்தார். அவள் வரவில்லை.