மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பாம்புப் பெட்டி

"மஜீது நானா, ஒங்கட லொறிக்க எண்ட பெட்டி ஒண்டு நிண்டு போச்சா?"

இந்தக் கேள்வி போனில் வந்தபோது நான் சாய்ந்தமருதில், மாப்பிள்ளை வீட்டு வாசலில், கையில் சர்பத் கிளாசோடு பெரிய மனுசனாக உட்கார்ந்திருந்தேன். பெண் என் மனைவியின் தங்கை மகள். பெண் வீட்டுப் பணியாரப் பெட்டிகளை மருதமுனையிலிருந்து என் லொறியில்தான் ஏற்றி வந்தோம். எல்லாம் இறக்கி உள்ளே போயாகிவிட்டது. லொறி காலி.

"என்ன பெட்டி ரெங்கன்?"

"வட்டப் பெட்டி. செவப்புத் துணியில கட்டினது. படங்குக்குக் கீழ, முன் மூலையில வெச்ச."

எனக்குத் தார்ப்பாய்ப் படங்கின் கீழிருந்த அந்தப் பெட்டி நன்றாக நினைவிருந்தது. ஏனென்றால் அதைத் தூக்கி உள்ளே கொடுத்ததே நான்தான். பணியாரப் பெட்டிகள் ஊரெல்லாம் இரவல் வாங்கியவை. சதுரம், வட்டம், பெரிது, சிறிது என்று கலந்திருந்தன. எல்லாமே சிவப்புத் துணி கட்டியவை. இது மட்டும், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு அல்வா போலக் கிண்டிய தொதல் மாதிரி, கொஞ்சம் பாரமாக இருந்தது. "இது தொதலாக்கும், கவனமாப் புடிங்க" என்று சொல்லி, மூடியில் இரண்டு தட்டும் தட்டிக் கொடுத்தேன்.

"உள்ளுக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"நாகபாம்பு."

சர்பத்தை என் சேட் குடித்தது.

1. கழுதையின் வேலை

புதிதாக லொறி வாங்கி ஹயர் ஓடும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன். ஆகவே ரெங்கன் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் இவர்களைக் குறவர் என்போம். தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், எங்களோடு தமிழ். பாம்பாட்டுவது, குரங்காட்டுவது, பெண்கள் கைரேகை பார்ப்பது. ஒரு காலத்தில் கழுதையில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். இப்போது பலருக்குக் கல்வீடு இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனாலும் வெள்ளாமை வெட்டி முடிந்ததும் சில குடும்பங்களுக்குக் கால் நிற்காது, கிளம்பிவிடும். கழுதைதான் இல்லை. அந்த இடத்துக்கு நான் வந்தேன்.

இது என் சொந்தக் கருத்தல்ல. ரெங்கனின் மனைவி கங்கம்மா முதல் நாளே சொன்னது. டெயில் போர்ட்டைத் திறந்துவிட்டு, "சுறுக்கா ஏத்துங்க, சுறுக்கா ஏத்துங்க" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கட கழுதைக்கு இவ்வளவு கோவம் வாறதில்ல" என்றா.

ஹயர்காரன் முதலில் கேட்கவேண்டியது, எங்கே இறக்குவது என்பது. ரெங்கனிடம் கேட்டால், "போங்க நானா, சொல்லுறன்" என்பான். ஊர் வரும், போகும். "இஞ்சயா?" "இன்னும் போங்க." கடைசியில் ஏதாவது ஒரு மரத்தடியில் நிறுத்தச் சொல்வான். உடனே இறக்கமாட்டார்கள். முதலில் நாயை இறக்கிவிடுவார்கள். நாய் சுற்றிப் பார்த்து, மோந்து, வட்டமடித்து, படுத்தால்தான் கூடாரம். படுக்காவிட்டால் நாயைத் தூக்கி ஏற்றிக்கொண்டு அடுத்த மரம். ஒரு நாயின் சம்மதத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்ற டிரைவர் கல்முனை ஸ்டாண்டில் நான் ஒருவன்தான்.

அன்று காலையும் அப்படித்தான். பெரியநீலாவணையில் ஏற்றி, அக்கரைப்பற்றுக்கு அப்பால் இறக்கினேன். நாய் மூன்றாவது மரத்தில்தான் மனம் வைத்தது. கல்யாணப் பெட்டி ஏற்ற நேரமாகிவிட்டதே என்ற அவசரத்தில் படங்கைத் தூக்கிப் பார்க்காமலே லொறியைத் திருப்பிவிட்டேன். பெட்டியைக் கங்கம்மா எடுத்திருப்பா என்று ரெங்கன் நினைத்தான். ரெங்கன் எடுத்திருப்பான் என்று கங்கம்மா நினைத்தா. நான் எதையும் நினைக்கவில்லை.

2. தொதல்

"ரெங்கன், பல்லுப் புடுங்கினதுதானே?" என்று போனில் கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ சின்னப் பிள்ளையின் குரல் போலக் கேட்டது.

"இல்ல நானா. நாங்க புடுங்குறதில்ல. அவளுக்கு வாக்குக் குடுத்துத்தான் புடிக்கிற. இத்தின நாள் எண்ட புள்ளைக்குச் சோறு போடு, பொறகு புடிச்ச இடத்திலயே கொண்டு விடுறன் எண்டு. இண்டைக்குத்தான் அந்த நாள். அதான் செவப்புத் துணி. பொழுதுபட முந்தி எறக்காமத்துக் காட்டோரம் விடணும்."

"விடாட்டி?"

"விடாட்டி நான் இனிப் பாம்பில கை வைக்கேலாது. வாக்குத் தப்பினவனோட எங்கட ஆக்கள் கூடாரம் போடவும் மாட்டாங்க. நான் பஸ்ஸில ஏறிட்டன். யாரையும் தொட விடாதீங்க. பெட்டியக் குலுக்கவும் வேணாம்."

நான் ஏற்கனவே குலுக்கியதையும் தட்டியதையும் அவனிடம் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் பெட்டி திறப்பது அஸர் தொழுகைக்குப் பிறகுதான். மாப்பிள்ளையின் மூத்த மாமி திறந்து, சொந்தக்காரர் எல்லாருக்கும் பங்கு வைப்பா. அந்த மாமியின் பெயர் சபியா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். பெட்டிகள் வரிசையாகப் பாயில் இருந்தன. ஒன்று மட்டும் வரிசையில் இல்லை. அது சபியா மாமியின் முழங்கைக்குக் கீழே இருந்தது. தொதல் என்று நான் சொன்ன வாய்முகூர்த்தம், அதைத் தனியாகப் பக்கத்தில் இழுத்து வைத்திருந்தா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பெண் வீட்டிலிருந்து பாம்பு வந்தது என்று ஒருமுறை ஊரில் கதை கிளம்பினால், என் மனைவி என்னைக் கொண்டுபோய்ப் பாம்போடு சேர்த்துக் காட்டில் விட்டுவிட்டு வருவா. ஆகவே பொய் சொல்லத் தீர்மானித்தேன்.

"மாமி, அந்தத் தொதல் பெட்டியில எறும்பு பூந்திட்டு. மாத்தித் தாறன்."

"எறும்பு போற தொதல்தான் நல்ல தொதல். இரிக்கட்டும் தம்பி."

"இல்ல மாமி, அது வேற ஊட்டுப் பெட்டி. மாறி வந்திட்டு."

சபியா மாமி என்னை நிமிர்ந்து பார்த்தா. "குடுத்தத் திருப்பிக் கேக்கிற ஊடா ஒங்கட ஊடு?"

அறையில் இருந்த எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் பெட்டி மெதுவாக, ஒரு விரற்கடை அளவு, தானாக நகர்ந்தது. வேறு யாரும் கவனிக்கவில்லை. பெட்டி ஆடுகிறதே என்று மாமி நினைத்தாவோ என்னவோ, வெற்றிலை வட்டாவைத் தூக்கி அதன் மேல் வைத்தா. பித்தளை வட்டா. பாக்குவெட்டியும் அதில்தான். டங்கென்று ஒரு சத்தம்.

என் உள்ளே ஏதோ ஒன்று கழன்று விழுந்த சத்தம் அதைவிடப் பெரிது.

அஸர் பாங்கு கேட்டது. மாப்பிள்ளையின் வாப்பா வந்து தோளில் கை போட்டார். "வாங்க மச்சான், தொழுதிட்டு வருவம்."

"நீங்க போங்க. எனக்கு வயிறு ஒரு மாதிரி."

உடனே உள்ளேயிருந்து இஞ்சி போட்ட பிளேன்டி வந்தது. அதை வாங்கிக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து, ஒரு கண் பெட்டியிலும் ஒரு கண் வீதியிலுமாக நின்றேன். ஆண்கள் இல்லாத வீட்டில் பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற மனுசனைப் பற்றி அங்கே என்ன நினைத்தார்கள் என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.

3. ரெங்கன் வந்தான்

ஆண்கள் பள்ளியிலிருந்து திரும்பும்போது ரெங்கனும் கூடவே வந்தான். கொண்டை போட்ட முடி, காதில் கடுக்கன், கழுவி மடிப்புக் கலையாத சேட். நான் பாய்ந்து போய்க் கையைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "இவர் எங்கட சொந்தக்காரர்" என்றேன்.

உள்ளேயிருந்து சபியா மாமியின் குரல்: "எந்தப் பக்கத்துச் சொந்தம்?"

நான் வாயைத் திறந்தேன். மனைவியின் குடும்பத்தில் எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். ரெங்கன் என்னைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். வட்டாவைப் பார்த்தான்.

"சொந்தமில்ல உம்மா. நான் பாம்பாட்டி. அந்தப் பெட்டிக்க எண்ட நாகம் இருக்கு. வட்டாவ மெல்லமாத் தூக்குங்க."

கத்தினவர்கள், கதிரையில் ஏறினவர்கள், குசினிப் பக்கமாக ஓடினவர்கள் எல்லாரும் பிறகு ஒரு விசயத்தில் ஒரே பேச்சாக நின்றார்கள். ஜன்னல் கம்பியில் முதலில் ஏறியது பெண் வீட்டு லொறி டிரைவர்தானாம். நான் மறுக்கவில்லை. அங்கிருந்து எல்லாம் வடிவாகத் தெரிந்தது.

சபியா மாமி மட்டும் ஓடவில்லை. வட்டாவை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டா:

"பல்லு இரிக்கா?"

"இரிக்கி உம்மா."

"தொதல் எண்டு இவ்வளவு நேரமும் அணைச்சுக்கிட்டு இருந்தனே. ஏன் சும்மா கெடந்திச்சு?"

ரெங்கன் தன் வாக்கைச் சொன்னான். பொழுதுபட முந்தி காட்டோரம் போகவேண்டியதைச் சொன்னான். தப்பினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னான். நான் முக்கால் மணித்தியாலம் பொய் சொல்லி நகர்த்த முடியாத பெட்டியை அவன் நாலு வார்த்தையில் நகர்த்திவிட்டான்.

"வாக்கெண்டா வாக்குத்தான். கொண்டு போ மனே" என்றா மாமி.

ரெங்கன் பெட்டியைத் தூக்கி வாசலைத் தாண்டப் போனான். "நில்லு" என்றா. என் கை கம்பியில் இன்னும் இறுகியது.

"கலியாணத்துக்கு வந்த பெட்டி எண்ட ஊட்டால வெறும் பெட்டியாத் திரும்பினதில்ல."

"இது வெறும் பெட்டி இல்ல மாமி!" என்று ஜன்னலில் இருந்து கத்தினேன். "உள்ளுக்க பாம்பு இரிக்கி!"

"அது அவங்க கொண்டு வந்தது. நம்ம என்ன வெச்சம்?"

பணியாரப் பெட்டி ஒன்றைக் காலியாக்கி, முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம், உண்மையான தொதல் எல்லாம் வைத்து, அதே சிவப்புத் துணியால் கட்டிக் கொடுத்தா. "முட்டை அவளுக்கு. மத்தது ஒன்ட புள்ளையளுக்கு."

4. எறக்காமம்

ரெங்கன் பாம்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேபினில் ஏறினான். பின்னால் வைக்கலாமே என்றேன். குலுங்கும் என்றான். ஆகவே எனக்கும் நாகபாம்புக்கும் நடுவில் கியர் லீவர் மட்டும்தான். நான் கதவோடு கதவாக ஒட்டி, பாதி வெளியே தொங்கிக்கொண்டு ஓட்டினேன்.

"உள்ளுக்க என்ன செய்யிறா?"

"நித்திரை."

"எழும்பினா?"

"ஒங்கட ஓட்டத்துக்கு எழும்பத்தான் போறா. மெல்லமாப் போங்க."

"பொழுது படப் போகுதே!"

"அதுக்காகச் சுறுக்காயும் போங்க."

மெதுவாகவும் வேகமாகவும் ஒரே நேரத்தில் லொறி ஓட்டும் வித்தையை சம்மாந்துறை தாண்டிய வயல் வீதியில் அன்று கற்றுக்கொண்டேன். குளத்துக்கு அப்பால், காடு தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னபோது சூரியன் மரத்தின் தலையில் உட்கார்ந்திருந்தது. நிறுத்தியதும் நான் இறங்கவில்லை, ஏறினேன். கேபின் கூரைக்கு.

ரெங்கன் பெட்டியை நிலத்தில் வைத்து, துணியை அவிழ்த்து, மூடியைத் திறந்து, தெலுங்கில் என்னவோ சொன்னான். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். பாம்பு எழுந்து படமெடுத்தது. அவனைப் பார்த்தது. காட்டைப் பார்த்தது. பிறகு நேரே என் லொறிக்குக் கீழே போய்விட்டது.

"ரெங்கன்! லொறிக்குக் கீழ!"

"அவள்ட வழியில நீங்க லொறிய விட்டிருக்கீங்க நானா."

"நான் எடுக்கட்டா?"

"எடுத்தா நசிஞ்சு போவா. சத்தம் போடாம இருங்க."

கூரையின் மேல் குந்தியிருந்தேன். எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாம் ஓதி முடித்து, தெரியாததையும் தொடங்கினேன். ரெங்கனின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வீட்டில் நாலு வார்த்தையில் காரியம் முடித்தவனின் உதடு உலர்ந்து போயிருந்தது. அவன் பாம்பைப் பார்க்கவில்லை. சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பயம் கடியைப் பற்றி. அவனுக்கு வேறு.

சூரியன் மரத்துக்குப் பின்னால் இறங்குவதற்குச் சற்று முன், மறுபக்க டயரடியில் புல் அசைந்தது. அசைவு ஒரு கோடாக நீண்டு பற்றைக்குள் போய் அடங்கியது. ரெங்கன் பெரிய மூச்சு விட்டான்.

"போயிட்டா. எறங்குங்க நானா."

"இன்னொருக்கா வடிவாப் பார்."

சிரித்தான். காலையிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். சபியா மாமியின் முட்டைகளைப் பற்றையடியில் வைத்துவிட்டு வந்தான்.

கொஞ்சக் காலம் கழித்து அதே குடும்பத்தை அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் பக்கமாக ஏற்றிப் போனேன். நாய் படுத்தது, கூடாரம் இறங்கியது. இந்த முறை எனக்குப் புத்தி இருந்தது. புறப்படுமுன் நீளத் தடியால் படங்கைத் தூக்கிப் பார்த்தேன். மூலையில் ஒரு பெட்டி. சிவப்புத் துணி.

"ரெங்கன்!"

"அது ஒங்கட மாமிக்கு நானா. அவங்கட பெட்டி. குலுக்காமக் கொண்டு போங்க."

குலுக்காமல் கொண்டு போனேன். சாய்ந்தமருதில் சபியா மாமியின் முன்னால் பெட்டியை வைத்துவிட்டு, நான் முற்றத்து மதிலில் ஏறிக்கொண்டேன். மாமி துணியை அவிழ்த்தா. உள்ளே ஒரு போத்தல் காட்டுத்தேன், அதைச் சுற்றி நிறையப் பாலைப்பழம்.

"எறங்குங்க தம்பி" என்றா. "வெறும் பெட்டி அனுப்பக் கூடாதெண்டு அவனுக்கும் தெரிஞ்சிரிக்கி."

அன்றே பெட்டியைக் கழுவிக் காயவைத்து, தொதல் வைத்துக் கட்டி, என் லொறியில் ஏற்றிவிட்டா. அவர்கள் இப்போது எந்த ஊரில் என்று கேட்டா. நாய்க்குத்தான் தெரியும் என்றேன். அந்தப் பெட்டி இன்னும் ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்தப் பக்கம் தொதல், அந்தப் பக்கம் தேன், நடுவில் நான்.

ஆகவே தம்பிமாரே, லோட் இறக்கியதும் படங்கைத் தூக்கிப் பாருங்கள். ஏதாவது நின்றுபோயிருந்தால் தட்டாதீர்கள், பெயர் வைக்காதீர்கள், முக்கியமாகத் தொதல் என்று சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது என்ன என்று சொந்தக்காரனிடம் கேளுங்கள். அது யாருக்கு என்ன வாக்கில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டு முடியும்வரை கூரையில் இருப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.