சாகாத மாட்டுக்குப் பணம் கிடையாது

எங்கள் மாடும் செத்திருந்தால் எங்களுக்கும் பணம் கிடைத்திருக்குமே என்று மூன்றாம் வகுப்பில் ஒரு மழைக்காலம் முழுக்க நான் பொருமிக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையடிவாரத்தில் எங்கள் ஊர். எங்கள் தொழுவத்துக்கும் பெரியப்பா வீட்டுத் தொழுவத்துக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் ஒரு கறவை, இந்தப் பக்கம் ஒரு கறவை. அதைக் கறப்பது பெரியம்மா, இதைக் கறப்பது அம்மா. ஐப்பசியில் ஒரு நாள் பெரியப்பா வீட்டார் தளவாய்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மத்தியானம், மலையில் கொட்டிய மழை ஓடையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. அப்பா அரிவாளோடு ஓடி எங்கள் மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டார். அது மேட்டுக்கு ஓடிப் பிழைத்தது. அவர் சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போவதற்குள் தண்ணீர் ஏறி, பெரியப்பா மாடு கட்டிய இடத்திலேயே செத்துப்போனது.

மறுநாள் மாட்டு டாக்டர் வந்தார், விஏஓ வந்தார், தலையாரி வந்தார். செத்த மாட்டுக்குப் பக்கத்தில் பெரியப்பாவை நிற்கவைத்து செல்போனில் போட்டோ எடுத்தார்கள். எங்கள் மாட்டை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விட்டுவிடுவேனா, அதை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே நிறுத்தினேன்.

"ஏட்டி, இதை அங்கிட்டு பத்திட்டுப் போ," என்றார் தலையாரி.

கொஞ்ச நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் விழா வைத்து நிவாரணக் காசோலை கொடுத்தார்கள். பெரியப்பா குடும்பமே ஆட்டோ பிடித்துப் போனது. பெரியப்பா மகள் என் வகுப்புத்தான். மைக் வைத்து அவள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதையும், எல்லாரும் கைதட்டியதையும், கலர் குடித்ததையும் ஒரு வாரம் சொன்னாள். எங்கள் ஊர்ப் பாலெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குத்தான் போகிறது. அங்கே வாங்கிவந்த பால்கோவாவில் சுண்டுவிரல் அளவு கிள்ளி எனக்குத் தந்தாள். வயிறு எரிந்தது. ஆனாலும் தின்றேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "நம்ம மாட்டுக் கயித்தை எதுக்குப்பா அறுத்து விட்டிய?"

அப்பா வைக்கோலை அள்ளி மாட்டுக்குப் போட்டார். அம்மாதான், "வாயில சூடு போட்ருவேன், பேசாம போ," என்றாள். அந்த மழைக்குப் பிறகு, பெரியம்மா எதிரே வந்தால் அப்பா தலையைக் குனிந்துகொண்டுதான் போவார். பணம் வாங்கியது அவர்கள், நாம் எதற்குத் தலை குனிய வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அந்தப் பணத்துக்கு நல்ல கறவை வராது என்று பெரியப்பா இரண்டு ஆடுகள் வாங்கினார். பெரியப்பா மகள் ஆட்டுக்கொரு மணி கட்டித் தெருவில் நடத்திக்கொண்டு போனாள். அந்த மணிச்சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது.

பிறகு ஒரு விடியற்காலை பெரியம்மா எங்கள் தொழுவத்துக்கு வந்தாள். அம்மா பால் வாளியோடு உட்காரப் போன நேரம்.

"ஏட்டி, இன்னைக்கு ஒருநா நான் பீச்சுதேன்."

அம்மா மறுபேச்சுப் பேசாமல் வாளியைக் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டாள். பெரியம்மா மடியைக் கழுவி, காம்பில் எண்ணெய் தடவி, மாட்டின் விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு கறக்க ஆரம்பித்தாள். அம்மாவைத் தவிர வேறு யார் தொட்டாலும் எத்துகிற மாடு, அன்றைக்கு அசையாமல் நின்றது. அதன்மேலும் எனக்குக் கோபம் வந்தது. பணமும் வாங்கியாயிற்று, ஆடும் வாங்கியாயிற்று, இப்போது எங்கள் பாலுமா? பெரியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் வாளியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கறந்து முடித்து, மாட்டின் முதுகைத் தடவிவிட்டு, வாளியை அப்படியே அம்மா கையில் கொடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். எதையாவது ஒளித்து எடுத்துப் போகிறாளோ என்று அவள் வீட்டு வாசல்வரை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். இரண்டு கையும் வெறுங்கைதான். ஒரு சொட்டுப் பால்கூட எடுத்துக்கொள்ளாமல் போகிறவள் எதற்காக வந்து அவ்வளவு நேரம் கறந்தாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை.