வாசல் கதவைத் திறந்து வைத்து ஆடிய ஞாயிறுகள்

போன மாதம் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எல்லா மேஜையிலும் தட்டைத் திரை வந்துவிட்ட பிறகும், மூலையில் ஒரு மேஜையில் மட்டும் பின்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் பழைய பெட்டி மானிட்டர் ஒன்று மிச்சமிருந்தது. என் வரிசை அந்த மேஜைக்குத்தான் போனது. அங்கே இருந்த பெண் சுவிட்சைத் தட்டியதும் உள்ளே எதையோ உதைத்த மாதிரி 'டொங்' என்று ஒரு சத்தம். படம் குலுங்கி நின்றது. கொஞ்ச நேரத்தில் சூடேறிய தூசியின் வாசனை. நான் சின்னப்பிள்ளை மாதிரி கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கையில் இருந்த பூனைமுடியெல்லாம் எழுந்து நின்றது.

"அய்யோ, ஷாக் அடிக்கப் போவுதுங்க" என்றார் அந்தப் பெண்.

அது அடிக்காது. எனக்குத் தெரியும். அந்த மாதிரிப் பெட்டிகள் நான்கு எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே நேரத்தில் ஓடியிருக்கின்றன.

அப்போது நான் விருத்தாசலம் கடைவீதிக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மவுஸை எப்படிப் பிடிப்பது, அடித்ததைச் சேமிக்காமல் எழுந்து போனால் என்ன ஆகும், இவ்வளவுதான். என்னோடு அங்கே வேலை பார்த்தவன் குமரேசன். பகலில் ஒரு செராமிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவு, சாயங்காலம் எங்கள் சென்டர். மாணவர்கள் போன பிறகு அவன்தான் எனக்கு அந்த விளையாட்டைக் காட்டினான். மணல் நிறத் தெருக்கள், இரண்டு அணி. ஓர் அணி குண்டு வைக்கும், இன்னோர் அணி அதை எடுக்க வேண்டும். அந்தக் காலத்துப் பையன்கள் யாரைக் கேட்டாலும் பேர் சொல்வார்கள். நான் பையன் இல்லை, ஆனாலும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

சென்டர் முதலாளி கண்டுபிடித்து அழித்துவிட்டார். சரி, காசு கொடுத்து ஆடலாம் என்று நானும் என் சிநேகிதி ஸ்டெல்லாவும் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனோம். ஸ்டெல்லா ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலையில் இருந்தாள். ஊசியை வைத்துக்கொண்டு பெரிய பெரிய மீசைக்காரர்களை மிரட்டுகிறவள். கவுண்டரில் இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மெயில் பாக்கணும்னா ஒக்காருங்க. கேமு வேணாம். பசங்க ஆடற எடம். பொண்ணுங்க வந்தா பேரு கெட்டுடும்."

"யாரு பேரு? உங்க கடை பேரா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

உள்ளே இருந்த பையன்கள் சிரித்தார்கள். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது எனக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. "எங்க வூட்டுல ஆடலாம்டி" என்றேன். யோசித்துச் சொன்னது இல்லை. வாயில் வந்துவிட்டது, அப்புறம் அதை விழுங்க மனசு வரவில்லை.

இந்தக் காலத்தில் ஒருவர் வீட்டுக்கு விளையாடப் போவது என்றால் போனைப் பையில் போட்டுக்கொண்டு போவது. அன்றைக்கு அது குடி பெயர்வது மாதிரி. குமரேசன் தன் மானிட்டரைக் கம்பெனியில் பொம்மையும் ஜாடியும் அனுப்புகிற மரப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் வைக்கோலைத் திணித்து, மொபெட்டில் கட்டி எடுத்துவந்தான். திறந்தால் கண்ணாடித் திரை முழுக்க வைக்கோல் தூசி. சரவணன் என்று இன்னொருவன், பெண்ணாடத்துக்காரன், எங்கள் சென்டரின் பழைய மாணவன். அவன் பஸ்ஸில் சி.பி.யூவை மடியில் வைத்துக்கொண்டு வருவான். ஒரு தடவை கண்டக்டர், "பொட்டியில என்னாப்பா, வெடிக்குமா?" என்று கேட்க, இவன் "ஆன் பண்ணாதான் வெடிக்கும்" என்று சொல்லப்போய், அவர் எழுப்பிவிட்டதில் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தான். அவனுக்கான மானிட்டர், சென்டர் முதலாளி தூக்கிப்போடச் சொன்னது. நான் தூக்கினேன், போடவில்லை. என்னுடையது ஒன்று, ஸ்டெல்லாவுடையது ஒன்று, ஆக மொத்தம் நான்கு.

சரவணன் வீட்டில் கரும்பு விவசாயம். வரும்போது ஒரு கட்டுக் கரும்பு வரும். கடித்த கையோடு கீபோர்டைத் தொட்டால் என்ன ஆகும்? எறும்பு வரும். என் கீபோர்டில் முன்னால் நடப்பதற்கான பொத்தானுக்கு அடியில் ஒரு குடும்பமே குடியேறிவிட்டது. அழுத்தினால் நகராது. நான் நடுத்தெருவில் நின்று சுடப்பட்டுச் சாவேன். இதை ஸ்டெல்லாவிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். எறும்பு வருவதற்கு முன்னாலும் நான் இப்படித்தான் ஆடினேன் என்பாள். என் அணிக்காரனையே நான் சுட்டதற்கு எறும்பு எப்படிப் பொறுப்பாகும் என்றும் கேட்பாள். நியாயமான கேள்விதான்.

எங்கள் வீடு வாடகை வீடு. கீழே நாங்கள், மாடியில் வீட்டுக்காரர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி வெளியே, எங்கள் வாசலை ஒட்டி இறங்கும். முதல் ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அப்பாவை வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"ஆம்பளப் பசங்களும் பொண்ணுங்களும் ஒரே ரூம்புல, கதவ சாத்திக்கினு. தெருவுல என்னா பேசுவாங்க?"

அப்பா செராமிக் கம்பெனியில் சூளைப் பக்கம் வேலை செய்தவர். சூட்டில் நின்று நின்று பேச்சே குறைந்துபோனவர். உள்ளே வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னார், தன் கருத்து என்று ஒரு சொல் சேர்க்காமல். கதவைச் சாத்தியது வெயிலுக்காக. திரையில் வெளிச்சம் அடித்தால் எதிரி தெரியமாட்டான். ஆனால் அதை யாருக்கு விளக்குவது? எனக்கு மறுபடியும் காது சூடானது.

அடுத்த ஞாயிறு நான் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து, பக்கத்துக்கொரு செங்கல்லை முட்டுக்கொடுத்தேன். ஜன்னல் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். நான்கு மானிட்டரையும் தெருவைப் பார்க்கத் திருப்பினேன். வெயில் நேராக உள்ளே வந்தது, எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. "நீ ரோஷப்பட்டா நாங்க சாவணுமா?" என்று குமரேசன் புலம்பினான். ஆனால் தெருவுக்கு எல்லாம் தெரிந்தது. தண்ணீர்க் குடத்தோடு போனவர்கள் நின்றார்கள். ட்யூஷன் போகிற பெண்பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி, "அக்கா, ஒரு வாட்டி நானு?" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. பாதிக்கு மேல் பெண்கள் செருப்பு.

ஒரு நாள் அந்தச் செருப்புகளில் வீட்டுக்காரர் மகள் வாசுகியின் செருப்பும் இருந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண். படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் குனிந்த தலை நிமிராது. நான் என் இடத்தை விட்டுக்கொடுத்தேன். தியாகம் ஒன்றும் இல்லை, என் அணியே கேட்டுக்கொண்டது. வாசுகி கொஞ்ச நேரம் பொத்தான்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஒரு சந்துக்குள் போய் அசையாமல் நின்றாள். குமரேசன் வந்தான், விழுந்தான். சரவணன் வந்தான், அவனும் விழுந்தான். வாசுகி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு இருக்கிறது என்பதே எங்களில் யாருக்கும் தெரியாது. மாடிக்கும் கேட்டிருக்கிறது.

நான்கு திரையும் ஒரே சமயத்தில் அணைந்தன. வெளியே வந்து பார்த்தால், படிக்கு அடியில் மீட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் நிற்கிறார். கையில் எங்கள் வீட்டு ப்யூஸ் கட்டை. வாசுகி அவரைத் தாண்டி மேலே போனாள்.

அம்மா அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு வந்தாள். கையை நீட்டினாள்.

"கட்டைய குடுங்கண்ணே."

"பொண்ணு வச்சிருக்கறவன் நான். எனக்கு பயம் இருக்கும்ல?"

"நானும் பொண்ணுதான் வச்சிருக்கறேன். எம் பொண்ணு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுது. இந்தத் தெருவுக்கே தெரியுது. அப்புறம் என்னா பயம்?"

அவர் கட்டையைக் கொடுத்தார். கூடவே, "மாசக் கடைசியில வூட்ட காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் விளக்குப் போடவில்லை. அந்த வீட்டில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், வயசுக்கு வந்தேன். அம்மா பின்பக்கம் நட்ட முருங்கை அப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருந்தது. நான் போய் மன்னிப்புக் கேட்டால் வீடு தங்கும், விளையாட்டு போகும். கேட்கலாமா என்று நினைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எழுந்து செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். அப்போதுதான் ஷிப்டு முடிந்து அப்பா வந்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே கேட்டார். பிறகு என் காலில் இருந்த செருப்பைப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"மாடிக்கு. மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்ப்பா."

"எதுக்கு மன்னிப்பு? என்னா தப்பு பண்ண?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தெரியலல்ல? அப்ப கழட்டு. வேற வூடு பாக்கலாம். மாசக் கடைசி வரைக்கும் இது நம்ம வூடு. அந்தப் பசங்கள வரச் சொல்லு."

அப்பா என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

வந்தார்கள். ஒரு ஞாயிறு விடாமல் வந்தார்கள். கடைசி ஞாயிறு வீட்டில் நாற்காலிகூட இல்லை. பாத்திரமெல்லாம் குமரேசன் கொண்டுவந்த மரப்பெட்டிகளில் வைக்கோலுக்குள் இருந்தன. வெறுந்தரையில் மானிட்டர்களை வைத்து, சம்மணம் போட்டு ஆடினோம். தெரு முழுக்க வாசலில். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் நின்றவர்கள் சட்டென்று வழி விட்டார்கள். வாசுகி. நேராக உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைக் கேட்டாள். கொடுத்தேன்.

வீட்டுக்காரர் படியில் பாதி இறங்கி நின்றார்.

"வாசுகி, மேல வா."

"ஆட்டம் முடிஞ்சதும் வர்றேம்ப்பா."

"இப்ப வர்றியா இல்லியா?"

வாசுகி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குண்டு வச்சிட்டாங்கப்பா. எடுத்துட்டு வந்துடறேன்."

அவள் குரலில் நடுக்கம் இருந்தது, பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. ஆனால் விரல் நடுங்கவில்லை. சந்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தாள், ஒருத்தனை வீழ்த்தினாள், குண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நொடிகள் குறைந்துகொண்டிருந்தன.

அப்போது கரண்ட் போனது.

எல்லாத் தலையும் ஒன்றாகப் படிப்பக்கம் திரும்பின. வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"ஏய், நான் இல்லப்பா! இங்கதான நிக்கிறேன்! ஊரு பூரா போயிருக்குது, பாருங்க!"

உண்மைதான். எதிர்வீட்டு மோட்டார், முனை டீக்கடைப் பாட்டு எல்லாம் நின்றிருந்தன. முதலில் சிரித்தது வாசுகிதான், அதே சிரிப்பு. அப்புறம் தெருவே சிரித்தது. அவர் சிரித்தாரா என்று கேட்காதீர்கள், அவருக்குப் பெரிய மீசை. ஆனால் மறுபடி மகளைக் கூப்பிடவில்லை. ஒரு படியில் உட்கார்ந்துகொண்டார். கரண்ட் வரும்வரைக்கும் அவள் எங்களோடுதான் இருந்தாள்.

இதனால் அவர் மனம் மாறி வீட்டில் இருக்கச் சொன்னார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இல்லை. மறுநாள் காலி செய்தோம். ஸ்டேஷனுக்குப் பின்னால் இதைவிடச் சின்ன வீடு. சரக்கு ரயில் போனால் திரையில் எதிரியும் சேர்ந்து ஆடுவான். "ஒரு கேமுக்காக வூட்ட வுட்டவங்க" என்று பழைய தெருவில் எங்களுக்குப் பேர். அம்மா கடைவீதியில் அதைக் காதால் கேட்டு, "ஆமா, அதுக்கென்னா இப்ப?" என்று கேட்டுவிட்டுத் தக்காளி பொறுக்கினாளாம். இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டாலும் அதே பதில்தான்.

ஸ்டெல்லா இப்போது வளைகுடாவில் இருக்கிறாள், அங்கே வேறு மீசைகளை மிரட்டிக்கொண்டு. குமரேசனுக்கு வேப்பூர் ஹைவேயில் செல்போன் கடை. சரவணன் கரும்பை விடவில்லை. வாசுகி படிப்பை முடித்துச் சென்னையில் வேலைக்குப் போனாள். அவள் அப்பாதான் ரயில் ஏற்றிவிட்டார் என்று கேள்வி. அப்புறம் நம்பர் மாறிவிட்டது. பழைய வீட்டை இடித்து, கீழே கார் நிறுத்துகிற மாதிரி மூன்று மாடி கட்டிவிட்டார்கள். கட்டட விஷயத்தில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. பெட்டி தூக்கிவந்து ஆடிய நாங்கள் நான்கு பேரும் அதன் பிறகு ஒரே அறையில் உட்காரவே இல்லை என்பதிலும், ஏதோ பழகிவிட்டேன்.

பழகாதது ஒன்றுதான். ஆட்டத்தில் யாராவது கத்தினால், அம்மா எண்ணெய்ச் சட்டி முன்னாலிருந்து திரும்பாமலே குரல் கொடுப்பாள். அம்மா போய் நாளாகிவிட்டது. அப்படி ஒரு கேள்வியை இனி எந்த வீட்டிலும் யாரும் கேட்கப்போவதில்லை.

"இப்ப யாருடி செத்தா?"

"நான்தாம்மா."

"சரி, பொழச்சி வந்து பஜ்ஜி எடுத்துக்கினு போ."