சொல்லாமல் போன பூட்டுக்காரர்

என் சாவிக்கொத்தில் பீரோச் சாவி இன்னும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது. அதைச் செய்து கொடுத்தவர் கடைவீதியில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் பூட்டுக்காரர். என் கணவர் போன நான்காம் நாள் அவரை வீட்டுக்கு அழைத்தேன். பீரோச் சாவியை எங்கே வைப்பார் என்று கணவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. திடீரென்று போய்விட்டார். வீட்டுப் பத்திரம், என் நகைகள் எல்லாம் அதற்குள்.

"அண்ணி, கண்டவனையும் உள்ள உட்டறாதீங்க. நம்பிக்கையான ஆளாப் பாருங்க" என்று கொழுந்தனார் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்கும் தெரியாது. மூன்று பேருக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் உடனே வந்து திறந்து தருவதாகச் சொன்னார்கள். மூன்றாமவர் மட்டும், "ஏனுங்க, பீரோ உங்களுதுதானுங்களா? பக்கத்தூட்டுல ஆரையாச்சும் கூட இருக்கச் சொல்லுங்க, வாரேன்" என்றார். வேறு நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும். அன்று எதுவுமே வரவில்லை, அழுகைகூட வந்தபாடில்லை. இவரே வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

வந்தவர் கூடத்தில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்துச் சற்று நின்றார். பிறகு, பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொண்டிருக்க, பல் வெட்டாத சாவியைப் பூட்டில் விடுவதும் எடுத்து அரத்தால் ராவுவதுமாக அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். பூட்டு திறந்ததும் கதவை அவர் இழுக்கவில்லை. "நீங்களே தொறந்து பாத்துக்குங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பக்கத்து வீட்டம்மா அடுப்பில் பால் இருப்பதாகக் கிளம்பிப் போனார். பீரோவைத் திறந்து பார்க்கத் தோன்றாமல் நான் கூலியைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். வாசலில் வண்டியும் இல்லை.

நான்கு நாளில் எனக்குள் முதன்முதலாக அசைந்தது சந்தேகம்தான். பீரோவுக்குள் பார்க்கும் முன்பே கொழுந்தனாருக்குப் போன் செய்து, ஆள் சொல்லிக்கொள்ளாமல் ஓடிவிட்டான் என்றேன். 'ஓடிவிட்டான்' என்றேதான் சொன்னேன். பிறகு பார்த்தால் பத்திரமும் நகைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. மறுபடி அழைத்தபோது கொழுந்தனார் எடுக்கவில்லை. அதற்குள் கடைக்கே போய், நாலு பேர் முன்னால் சத்தம் போட்டிருக்கிறார்.

மாலையில் கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பூட்டுக்காரர், "எழவூட்டுல வாரேன்னு சொல்லப்படாதுங்களே" என்று மட்டும் சொன்னாராம்.

அந்த நான்கு நாளும் வந்துபோன அத்தனை பேரும் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து போனார்கள். மறுபடி வருகிறேன் என்றால் மறுபடி ஒரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை. அவர்களில் ஒருவரையும் நான் திருடராக நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்கத் தெம்பில்லாமல் மாதக்கணக்கில் கடத்திவிட்டேன்.

போன வாரம் வாசல் கதவின் பூட்டு சிக்கிக்கொண்டது. யாரை அழைப்பது என்று இந்த முறை யோசிக்கவில்லை. வருவாரா என்றுதான் பயந்தேன். வந்தார், பூட்டை மாற்றினார். "அன்னிக்கு நாந்தானுங்க தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றேன். "அத உடுங்க அம்மணி" என்று புதுச் சாவியை என் கையில் கொடுத்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கியவர், திரும்பி நின்று, "வாரேனுங்க" என்றார்.

எங்கள் வீடு இனிமேல் சாவு வீடில்லை. கணவர் போனபோது வராத அழுகை, பீரோச் சாவிக்குப் பக்கத்தில் அந்தப் புதுச் சாவியைக் கோக்கும்போது வந்தது.